கம்பி விட்ட வீடு

பாண்டிச்சேரி நெல்லித்தோப்பில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தலையைத் தூக்கி மேலே ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள். பெண் வீட்டுக்குள் இருக்கிறாள் என்பது அவர்களுக்கும் தெரியும். அவர்கள் தேடுவது கம்பியை. கீழ்வீடு மட்டும் கட்ட வசதிப்பட்டவர்கள், தூணுக்குள் ஓடுகிற இரும்புக் கம்பிகளைத் தளத்தோடு அறுத்துவிடாமல் மொட்டை மாடிக்கு மேல் இடுப்பு உயரம் நீட்டி வைத்திருப்பார்கள். என்றைக்காவது மாடி எடுக்கும்போது புதுக் கம்பியை அதோடு சேர்த்துக் கட்டித் தூணை மேலே கொண்டுபோகலாம். இதற்குக் கம்பி விடுவது என்று பேர். கொத்தனார்களைவிடக் கல்யாணம் பேசி முடிக்கிறவர்கள்தான் இந்தச் சொல்லை அதிகம் புழங்குகிறார்கள். 'சொந்த வூடு, கம்பி வுட்டிருக்கு' என்றால் அந்தக் குடும்பத்துக்கு இன்னும் கொஞ்சம் ஆசை மிச்சமிருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கம்பி விடாத வீட்டைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை, பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள்.

வேம்புவின் வீடு கம்பி விட்ட வீடு. மில்லை மூடியபோது கைக்கு வந்த பணத்தில் அவள் புருஷன் அம்மாவாசை கட்டியது. அப்போது அவர்களின் ஒரே மகள் அறிவுமதி எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். தளம் போட்ட அன்றே அம்மாவாசை கம்பிகளைக் காட்டி, மாடி என் பொண்ணுக்கு என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவருக்கு ஊர் ஓரத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வேலைதான் கிடைத்தது. மாடி எழும்பவில்லை, கம்பிகள் மட்டும் நின்றன.

கடல் பக்கத்தில் இருக்கிற ஊரில் இரும்பை வெளியே நிறுத்தி வைப்பது லேசான காரியமில்லை. உப்புக் காற்று தின்றுவிடும். அதனால் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அம்மாவாசை கம்பிகளுக்கும் சிமெண்ட் பால் கரைத்துப் பூசுவார். மாட்டுக்குக் கொம்பு சீவி வர்ணம் பூசுகிற மாதிரி அவ்வளவு அக்கறை. நுனி வழியாகத்தான் மழை இறங்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒவ்வொரு கம்பியிலும் ஒரு பாட்டிலைக் கவிழ்த்து மாட்டினார். இதில் வேடிக்கை என்னவென்றால் மனிதர் பீடியைக்கூடத் தொட்டதில்லை. பாண்டிச்சேரியில் பிறந்து குடிக்கத் தெரியாத ஆள் என்று மில்லில் அவரை ஓட்டாத நாள் கிடையாது. சாராயக்கடைப் பக்கம் போய்ப் பாட்டில் பொறுக்க வெட்கப்பட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு ஆன்-மரியிடம்தான் கேட்டார். அவள் புருஷன் ஜான்-பத்திஸ்த் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ஆன்-மரி அவரை முசே என்றுதான் சொல்வாள். ராத்திரி சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அந்த வீட்டுப் பச்சை பாட்டில்கள் ஒவ்வொன்றாக வந்து வேம்புவின் மொட்டை மாடியில் தலைகீழாக ஏறி உட்கார்ந்தன.

வேம்புவுக்கும் கம்பிகள் உதவின. கடற்கரைப் பக்கம் இரண்டு கெஸ்ட் ஹவுஸ்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுப்பது அவள் வேலை. மில் மூடிய வருஷம் பிடித்த வேலை, இன்றைக்கும் விடவில்லை. பிளீச்சிங் போட்டு ஊறவைத்து, அலசி, ஈரத்தோடு தூக்கிப்போய் மாடியில் காயப்போடுவாள். தண்ணீர்த் தொட்டி ஓரத்து மூலைத்தூண் கம்பியில்தான் கொடியின் ஒரு முனையைக் கட்டியிருந்தாள். வெயிலும் காற்றும் அங்கேதான் நன்றாக இருக்கும். அறிவுமதியின் பள்ளிக்கூடம், காலேஜ், இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் அவள் பார்க்கிற லேப் வேலை, எல்லாம் அந்தக் கொடியில் காய்ந்து வந்தவைதான்.

மாசி மாசத்தில் ஆன்-மரி ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். பையன் பேர் இளம்பரிதி, முதலியார்பேட்டை, வண்டி சர்வீஸ் சென்டரில் வேலை. அம்மா தீபலட்சுமி மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் பைப் கம்பெனியில் இருக்கிறாள். மூன்று ஆண் பிள்ளைகள். மூத்தவர்கள் இரண்டு பேரும் கல்யாணமாகி அந்த இரண்டு அறை வீட்டிலேயே இருந்தார்கள். இளம்பரிதிக்குக் கல்யாணம் ஆனால் பாய் விரிக்கக் கூடத்தில்கூட இடமில்லை. அறிவுமதிக்கோ அம்மா அப்பாவைத் தனியே விட்டுப் போக மனமில்லை. அவளும் இளம்பரிதியும் போனில் இரண்டொரு தடவை பேசிப் பார்த்ததில் இருவருக்கும் பிடித்துப்போயிற்று. பெண் வீட்டு மாடியில் குடியிருக்கப் பையனுக்குச் சம்மதம், அவன் அம்மாவுக்கும் சம்மதம். மாடி எழும்பினால் கல்யாணம் என்கிற அளவுக்குப் பேச்சு வந்து நின்றது. மகளின் சம்பளத்தில் சேர்த்ததும் தன் சீட்டுப் பணமும் போதும் என்று வேம்பு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

தீபலட்சுமி ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பேச்சு குறைவு, ஆனால் முகத்தில் கடுமை இல்லை. அறிவுமதியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆஸ்பத்திரியில் எத்தனை மணிக்கு டூட்டி முடியும் என்று விசாரித்தாள். வேம்பு காபிக்குப் பால் வைத்தாள். பால் பொங்குவதற்குள் மாடியைப் பார்த்துவிட்டு வந்துவிடலாமே என்று ஆன்-மரிதான் அவளை மேலே அழைத்துப்போனாள்.

மேலே போன தீபலட்சுமி உடனே இறங்கிவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. நேரமாகுது, வர்றோம் என்று வாசலைப் பார்த்து நடந்தாள். வேம்பு காபி டம்ளர்களோடு வாசல் வரைக்கும் பின்னாலேயே போனாள். ஆறின காபியைக் கடைசியில் அம்மாவாசைதான் குடித்தார்.

இரண்டு நாள் கழித்து ஆன்-மரி வந்து உட்கார்ந்து முந்தானையைத் திருகினாள். தீபலட்சுமி வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். காரணம் கேட்டதற்கு, வரிசையாக அத்தனை பாட்டிலை மாட்டி வைத்திருக்கிற வீட்டில் பிள்ளையைக் கொண்டுபோய் விடமாட்டேன் என்றாளாம்.

"எங்க வூட்டு பாட்டில்தான்டி அதெல்லாம். முசே குடிச்சதுக்கு உம்புருசன் பேர் வாங்கிட்டாரே. நான் சொன்னேன் வேம்பு, அவ காதுலியே போட்டுக்கல."

அம்மாவாசை முதலில் சிரித்தார். மில்லில் தன்னோடு வேலை பார்த்தவர்கள் இதைக் கேட்டால் விழுந்து புரளுவார்கள் என்றார். பிறகு சாப்பாட்டுத் தட்டில் கை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். சாயங்காலம் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவரை வேம்பு படிக்கட்டிலேயே மறித்தாள். யாரோ ஒருத்தி தப்பாக நினைத்தாள் என்பதற்காகக் கம்பியை மழையில் நனைய விடுவதா என்று சத்தம் போட்டாள். கோபம் அவர்மேல் இல்லை. அழுகை வந்துவிடுமோ என்று பயந்துதான் சத்தம் போட்டாள். அறிவுமதி போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் அழுதிருந்தால்கூட வேம்புவுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

அடுத்த வாரம் அம்மாவாசை சோற்றுப் பாத்திரத்தை மறந்து வேலைக்குப் போய்விட்டார். வேம்பு அதை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு பஸ் ஏறினாள். கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பைப் கம்பெனி எதிரே புங்கமரத்து நிழலில் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நீல நிறக் கோட்டுப் போட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தது தீபலட்சுமி. வேம்பு தயங்கினாள், ரெண்டு எட்டு தாண்டியும் போய்விட்டாள். பிறகு திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னாக்கா, அன்னிக்கு கோவமா போய்ட்டீங்க. ஒரு வாய் காபிகூட குடிக்கல."

தீபலட்சுமி டிபன் பாக்ஸை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "கோவம் இல்லீங்க. பயம்."

"எங்க வூட்ட பாத்தா?"

"எங்க வூட்டுக்காரர் குடிச்சே போனவரு. நான் பாக்கக் கூடாதுன்னு தண்ணித் தொட்டிக்குள்ள கயிறு கட்டி எறக்கி வெப்பாரு. அரிசி டின்னுல இருக்கும். சின்னவன் ஸ்கூல் பையில ஒருவாட்டி எடுத்தேன். புக்கு வெளியில கெடந்துது, பாட்டில் உள்ள இருந்துது. அவுரு செத்து இத்தினி வருசம் ஆவுது, இன்னமும் காலி பாட்டில பாத்தா எனக்கு கை நடுங்கும். ஒங்க மாடியில வரிசையா நிக்கிறத பாத்ததும் காலு தானா படிக்கட்டுக்கு வந்துடிச்சி."

வேம்பு எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். கம்பி நுனியில் மழை இறங்குவது, அம்மாவாசையின் வெட்கம், ஜான்-பத்திஸ்தின் ஒயின், பொங்கலுக்குப் பூசுகிற சிமெண்ட் பால். தீபலட்சுமி டிபன் பாக்ஸ் மேல் விழுந்த புங்கம்பூவைப் பொறுக்கிப் பொறுக்கி ஓரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கம்பிக்கா மாட்டியிருக்கீங்க?" என்றாள். அப்புறம், "குடிக்கிறவன் வூட்ல பாட்டில் வெளிய தெரியாதே. குடிக்காத மனுசன்தான் ஊருக்கே தெரியிற மாதிரி மாட்டுவாரு. எனக்கு அது தோணல பாருங்க" என்று மெல்லச் சிரித்தாள்.

கம்பெனி மணி அடித்தது. எழுந்து கோட்டைத் தட்டிக்கொண்டவள், தனக்கு மனசு சமாதானம்தான், ஆனால் தன் வீட்டில் இடம் இல்லை என்பது பொய்யில்லையே என்றாள். மாடி எழும்புமா என்று மேஸ்திரியை வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள், பேசலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வேம்புவுக்கு பஸ்ஸில் திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தது, அதைக்கூட அவள் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள்.

மேஸ்திரி அரிகிருஷ்ணன் வந்தார். பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுக் கம்பியைத் தேய்த்துப் பார்த்தார். பாட்டிலுக்குள் இருந்த நுனியெல்லாம் வாங்கின நாள் மாதிரி இருந்தது. கீழேயும் மேல்துரு மட்டும்தான், பிரஷ் போட்டால் போய்விடும் என்றார். அம்மாவாசை ஜான்-பத்திஸ்த் வீட்டுப் பக்கம் பார்த்துக் கும்பிடு போட்டார். மேஸ்திரி கடைசியாகத் தொட்டி ஓரத்து மூலைத்தூணுக்கு வந்தார். கொடியை அவிழ்த்தார். கம்பியின் அடியில் சுத்தியலால் ஒரு தட்டு. பட்டை பட்டையாகச் சிவப்பாக உதிர்ந்தது. இன்னொரு தட்டில் கம்பி ஒடிந்து தளத்தில் விழுந்தது.

இங்கே என்ன காயப்போட்டீர்கள் என்று அவர் கேட்டார். வேம்பு அவிழ்த்த கொடியைச் சுருட்டத் தொடங்கினாள். அம்மாவாசைதான் சொன்னார். பிளீச்சிங் தண்ணீர் தினமும் கொடி வழியாக வடிந்து கம்பியின் காலில் நின்றிருக்கிறது. பொங்கலுக்குப் பொங்கல் பூசின சிமெண்ட் பால் அதற்கு முன்னால் எந்த மூலைக்கு? தூணை மேலிருந்து உடைத்து, நல்ல இரும்பு தெரிகிற இடத்திலிருந்து புதுக் கம்பி சேர்க்கலாம், ஆனால் துரு உள்ளேயும் இறங்கிப்போயிருந்தால் கீழ்வீட்டையே பிரிக்கிற வேலையாகிவிடும், மாடியை மறந்துவிட வேண்டியதுதான் என்று மேஸ்திரி சொன்னார். உடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அன்றைக்கு வந்த துணி மூட்டையை வேம்பு அவிழ்க்கவே இல்லை. பாட்டிலைப் பார்த்துப் பயந்தவளை ஒரு வாரம் மனசுக்குள் திட்டித் தீர்த்தாள். கடைசியில் கம்பியைக் கெடுத்தது தன் கைதான் என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. டூட்டி முடிந்து வந்த அறிவுமதி மூட்டை மேலேயே உட்கார்ந்தாள்.

"இந்தத் துணி தொவைச்சிதானம்மா என்னைப் படிக்க வெச்ச."

"படிக்க வெச்சி என்னா? ஒனக்குன்னு ஒங்கப்பா வுட்ட கம்பிய நானே தின்னுட்டேன்."

"தின்னா நாமதான தின்னோம். வேற யாரும் இல்லியே." அறிவுமதி மூட்டையின் முடிச்சை அவிழ்த்தாள். "எழுந்து வா, நான் அலசுறேன். இன்னிக்கி கொடிய சன்னல் கம்பியில கட்டலாம்."

வேம்புவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சன்னல் கம்பியில் கட்டக் கூடாது என்று அம்மாவாசை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

பங்குனி வெயிலில் தூணை உடைத்தார்கள். மேல்பகுதியை மிஷின் வைத்து உடைத்துவிட்டு, கம்பியில் அடிபடக் கூடாது என்று மேஸ்திரி உளியை எடுத்துக்கொண்டார். அம்மாவாசை லீவு போட்டிருந்தார். உட்கார முடியாமல் மாடிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வேம்பு தொட்டி ஓரத்தில் நின்றாள். முதலில் உதிர்ந்த கான்கிரீட்டில் துருக்கறை சிவப்பாக ஓடியிருந்தது. ஒரு சாண் கீழே போனார்கள், அங்கேயும் சிவப்பு. இன்னொரு சாணிலும் சிவப்பு தெரிந்தபோது மேஸ்திரி உளியை வைத்துவிட்டு மோர் கேட்டார். மோரைக் குடித்துவிட்டு மறுபடி உளியை எடுத்தார். தளமும் தாண்டி, தூணும் உத்திரமும் சேருகிற இடத்துக்குப் போய்விட்டது. அதற்குக் கீழே போக முடியாது.

அங்கே அவர் கொஞ்சம் தண்ணீரை ஊற்றித் துணியால் துடைத்தார். பிறகு குனிந்து பார்த்துவிட்டுச் சுத்தியலால் லேசாகத் தட்டினார். மேலே தட்டியபோது கேட்ட பொத்தென்ற சத்தம் இல்லை, கணீரென்று கேட்டது.

"யக்கா, இங்க வாங்க. வந்து நீங்களே தொட்டு பாருங்க."

வேம்பு மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டாள். கம்பியின் வரிகள் ஒவ்வொன்றும் விரலில் கூர்மையாகத் தட்டுப்பட்டன. வெயிலில் எல்லாம் கொதித்துக்கொண்டிருந்தபோதும் அது சில்லென்று இருந்தது. கையை எடுத்தபோது விரலில் சிவப்பு இல்லை, சாம்பல் நிறச் சிமெண்ட் மட்டும்தான். முந்தானையால் கம்பியை இன்னொருமுறை துடைத்துவிட்டு அவள் அழுதாள். கம்பியில் கண்ணுத் தண்ணி படுது, எழுந்திரு என்று அம்மாவாசை சொன்னார். பிறகு அவரும் குனிந்து கம்பியைத் தொட்டுப் பார்த்தார்.

ஆன்-மரி தீபலட்சுமிக்குச் சேதி சொன்னாள், அதற்கப்புறம் வேலை ஓடிற்று. புதுக் கம்பியைப் பழைய கம்பியோடு பக்கத்தில் நிறுத்திக் கட்டுக்கம்பியால் இறுக்கினார்கள். மூலைத்தூணுக்கு மட்டும் மேஸ்திரி ரெட்டைக் கம்பி கட்டிக் காவல் போட்டார். கத்திரி வெயிலுக்குள் சுவர் எழும்பி, வைகாசியில் தளம் போட நாள் பார்த்தாயிற்று. நாள் குறித்தபோது அறிவுமதி ஒரு கேள்வி கேட்டாள், இதற்கு மேலேயும் கம்பி விடுவார்களா என்று. கீழ்த்தூண் தாங்கும், விடட்டுமா என்றார் மேஸ்திரி. அம்மாவாசை வேம்புவைப் பார்த்தார், வேம்பு மகளைப் பார்த்தாள்.

"வுடுங்கண்ணே" என்றாள் அறிவுமதி. "கொடி கட்ட தனியா பைப்பு நட்டுக்கலாம்."

தளம் போட்ட அன்று கலவை மிஷின் காலையிலேயே தெருவை அடைத்துக்கொண்டது. சட்டி கைமாறிக் கைமாறி ஏறிற்று. வேலைக்காரர்களுக்குத் தளம் போடுகிற வீட்டில் வயிறாரச் சாப்பாடு போட வேண்டும். ஆன்-மரி வீட்டு முற்றத்தில் பிரியாணி அண்டா ஏறியது. ஜான்-பத்திஸ்த் நாற்காலி போட்டு உட்கார்ந்து அடுப்புக்குக் காவல் இருந்தார். இந்தத் தடவையும் பாட்டில் வேண்டுமென்றால் தான் தயார் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆன்-மரி அவரை முறைத்தாள்.

அடுத்த வாரம், தளம் நன்றாக இறுகுவதற்காக அதன் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கியிருந்தபோது தீபலட்சுமி வந்தாள். இளம்பரிதியின் வண்டியில் பின்னால் ஒரு சாக்குப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். உட்காருங்கள் என்றதற்கு இருக்கட்டும் என்று நேரே படிக்கட்டில் ஏறினாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நடந்து போய்ப் பையைப் பிரித்தாள். பைப் முனையில் மாட்டுகிற பிளாஸ்டிக் மூடிகள். கம்பெனியில் அச்சு சரியாக விழாமல் ஒதுக்கினவற்றைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, உள்ளே கம்பி இறுக்கமாக உட்காரப் பழைய வண்டி டியூபை வெட்டிச் சொருகியிருந்தாள். அதைச் செய்ய எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருப்பாள் என்று வேம்பு நினைத்துக்கொண்டாள்.

தீபலட்சுமி ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு மூடியை வைத்து உள்ளங்கையால் அமுக்கினாள். அறிவுமதி பையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனாள். இளம்பரிதி எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் பாத்திக் கரையில் நின்றான். மூலைத்தூணுக்கு வந்தபோது பை காலியாகிவிட்டது. கடைசிக் கம்பி ஒன்று மட்டும் மொட்டையாக நின்றது.

நாளைக்கு ஒன்று கொண்டுவருகிறேன் என்று தீபலட்சுமி திரும்பினாள். படிக்கட்டு முகப்பில் அம்மாவாசை நின்றிருந்தார். ஒரு கையைப் பின்னால் வைத்திருந்தார். பழைய பச்சை பாட்டில்களில் ஒன்றை அவர் தூக்கிப்போட மனசில்லாமல் வைத்திருந்தது வேம்புவுக்குத் தெரியும். வெளியே எடுக்க வேண்டாம் என்று அவள் கண்ணால் சொல்லப் பார்த்தாள்.

"என்னாத்தண்ணே பின்னால மறைக்கிறீங்க?" என்றாள் தீபலட்சுமி. "குடுங்க."

அம்மாவாசை பாட்டிலை நீட்டினார். அவள் அதை வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். கை நடுங்கியது, எல்லோரும் பார்த்தார்கள். அப்படியே கொண்டுபோய்க் கடைசிக் கம்பியில் கவிழ்த்து, ஆடாமல் இருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தாள்.

"இருக்கட்டும், இதுதான் நம்ம கம்பிய காப்பாத்துச்சு" என்று ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "காபி போடுங்க வேம்பு. அன்னிக்கே குடிச்சிருக்கணும்."

வேம்பு பால் வைக்கக் கீழே இறங்கினாள்.